புல்தரைக்கு வந்த தடை: மெல்போர்ன் நகரின் வறட்சிக் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லாத நேரத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

மெல்போர்னில் குடியேறியிருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "சார், புது வீடு வாங்கியிருக்கோம். முன்னால இருக்கிற புல்தரைக்கு ஸ்பிரிங்க்ளர் போட்டேன். காலையில பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அதைத் திறக்கக் கூடாதுன்னு பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து சொல்லிட்டுப் போறார். இப்போ மழை பெஞ்சிட்டுத்தானே இருக்கு? எதுக்கு இந்தச் சட்டம்?"

அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இப்படி வளர்ந்துவிட்டது. அந்தப் பெரியவர் விதியை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதன் பின்னால் ஒரு நகரம் பதின்மூன்று வருடம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கதை இருக்கிறது. அந்தக் கதை புல்லில் இருந்து தொடங்குகிறது.

வீட்டுக்கு முன்னால் புல் வளர்த்து, கத்தரித்து, அழகு பார்க்கும் பழக்கம் இங்கிலாந்தில் இருந்து பரவியது. அங்கே வருடம் முழுக்கத் தூறல் விழும். வெயிலும் குறைவு. புல்லுக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, வெட்டுவதுதான் வேலை. ஆரம்பத்தில் அது பிரபுக்களின் மாளிகைகளுக்கு மட்டுமே உரிய ஆடம்பரம். ஆடுகளை மேயவிட வேண்டும், இல்லையென்றால் நீண்ட அரிவாளோடு ஆட்களை நிறுத்த வேண்டும். 1830-ல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அவர் இருந்த ஸ்ட்ரவுட் பகுதி கம்பளித் துணிக்குப் பேர்போனது. துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. அதற்குப் பிறகு நடுத்தரக் குடும்பமும் தன் வீட்டு வாசலில் ஒரு குட்டி மாளிகைத் தோட்டம் வைத்துக்கொள்ள முடிந்தது.

அதே காலத்தில்தான், 1835-ல், ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் மெல்போர்ன் குடியேற்றம் உருவாகிறது. கப்பலில் வந்தவர்கள் கோட்டு, தேநீர், கிரிக்கெட் ஆகியவற்றோடு புல்தரை ஆசையையும் கொண்டுவந்தார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகள் வாழ்ந்த நிலத்தில் கங்காரு புல் போன்ற நாட்டுப்புற்கள் இருந்தன. அவை கோடையில் காய்ந்து பழுப்பாகி, மழையில் மறுபடி துளிர்ப்பவை. வந்தவர்கள் கண்ணுக்கு அது அழகாகத் தெரியவில்லை. இங்கிலாந்துப் பச்சை வேண்டியிருந்தது. அந்தப் பச்சைக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டியிருந்தது.

குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவர் கதை தனியே சொல்ல வேண்டிய கதை. ஜேம்ஸ் பிளாக்பர்ன் லண்டனில் காசோலை மோசடி வழக்கில் தண்டனை பெற்று, 1833-ல் டாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர். அங்கே பொறியாளராக நல்ல பேர் எடுத்து, மன்னிப்புப் பெற்று, பிறகு மெல்போர்ன் நகர சர்வேயர் ஆனார். யாரா ஆறு சாக்கடையாகிக்கொண்டிருந்த காலம். நகருக்கு வடக்கே யான் யீன் என்ற இடத்தில் நீர்த்தேக்கம் கட்டினால் பம்பு இல்லாமலேயே, பள்ளம் நோக்கித் தண்ணீர் தானாக நகருக்கு ஓடிவரும் என்று திட்டம் வரைந்து கொடுத்தார். 1857 கடைசி நாளில் அது திறக்கப்பட்டது. பார்க்க அவர் இல்லை. 1854-லேயே டைபாய்டில் இறந்துவிட்டார். எந்த நோய்க்கு நல்ல தண்ணீர் மருந்தோ, அந்த நோயே அவரைக் கொண்டுபோய்விட்டது.

அதன் பிறகு மெல்போர்னின் நீர் வரலாறு ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப நடந்தது. மக்கள் தொகை கூடும், வறட்சி வரும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கட்டுப்பாடு வரும், மழை பெய்யும், இன்னொரு அணை கட்டுவார்கள். 1967-68 வறட்சிக்குப் பிறகு தாம்சன் ஆற்றின் பக்கம் பார்வை திரும்பியது. 1982-83-ல் மறுபடி கடும் வறட்சி. 1983 பிப்ரவரி 8-ஆம் தேதி, உள்நாட்டில் காய்ந்து கிடந்த விளைநிலத்தின் மண் பெரும் புழுதிப் புயலாக நகரத்தின் மேல் வந்து கவிழ்ந்தது. பட்டப்பகல் இருட்டானது. அந்தச் சமயத்தில் தாம்சன் அணை கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. நகரத்தின் மொத்தச் சேமிப்பில் பாதிக்கு மேல் கொள்ளும் பிரம்மாண்டமான அணை. இனி மெல்போர்னுக்கு வறட்சிப் பயமே இல்லை என்று பலரும் நம்பினார்கள்.

நம்பிக்கை பதினாலு வருடம்தான் நீடித்தது. 1997-ல் தொடங்கிய வறட்சி 2009 வரை விடவில்லை. ஆஸ்திரேலியர்கள் இதை மில்லினியம் வறட்சி என்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், மழை அடியோடு நின்றுவிடவில்லை என்பது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. காய்ந்த காட்டு மண், பெய்த மழையை முதலில் தானே குடித்துவிடும். மிச்சம்தான் ஓடைக்கு வரும். மழை கொஞ்சம் குறைந்தால் அணைக்கு வரும் நீர் அதைவிடப் பல மடங்கு குறையும். நம் கண்மாய்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு மழை மண்ணுக்கு, மூன்றாவது மழைதான் கண்மாய்க்கு.

2006-ல் மெல்போர்ன் அணைகளுக்கு வந்த நீர், பதிவு வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதுவரை காணாத அளவுக்குக் குறைவு. அந்த வருடம் செப்டம்பரில் முதல் நிலைக் கட்டுப்பாடு, நவம்பரில் இரண்டாம் நிலை, 2007 புத்தாண்டு அன்று மூன்றாம் நிலை, ஏப்ரலில் '3ஏ' என்று மடமடவென்று இறுக்கினார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் தட்டுப்பாடு வந்தால் தண்ணீர் வரும் நேரத்தைக் குறைப்பார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு நாலு நாளுக்கு ஒருமுறை. வந்த தண்ணீரை நீங்கள் குடிக்கலாம், செடிக்கு ஊற்றலாம், அது உங்கள் பாடு. மெல்போர்னில் குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கட்டுப்படுத்தியது அதை என்ன செய்யலாம் என்பதை. திறந்தால் கொட்டும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, 'இதற்கு மட்டும் திறக்க மாட்டேன்' என்று ஒவ்வொருவரும் தன்னைத்தானே தடுத்துக்கொள்ள வேண்டும். இது மிகவும் கடினமான கட்டுப்பாடு.

மூன்றாம் நிலையில் புல்தரைக்குத் தண்ணீர் விடுவது முற்றிலும் தடை. எந்த நாளும், எந்த நேரமும் கூடாது. செடி கொடிகளுக்கு மட்டும் வாரத்தில் இரண்டு நாள். கதவு எண் இரட்டைப்படை என்றால் செவ்வாய், சனி. ஒற்றைப்படை என்றால் புதன், ஞாயிறு. அதுவும் '3ஏ' வந்த பிறகு காலை 6 முதல் 8 மணி வரைதான். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் 8 முதல் 10 வரை சலுகை. குளிர்காலையில் வயதானவர்கள் எழுந்து அல்லாட வேண்டாம் என்று யாரோ ஒரு அதிகாரி யோசித்திருக்கிறார். ஹோஸ் பைப் முனையில், விரலை எடுத்தால் நின்றுவிடும் விசை இருக்க வேண்டும். வீட்டில் காரை முழுதாகக் கழுவக் கூடாது. கண்ணாடி, விளக்கு, பறவை எச்சம் விழுந்த இடம் இவற்றை மட்டும் வாளித் தண்ணீரால் துடைத்துக்கொள்ளலாம்.

ஏன் முதலில் புல்லின் மேல் கை வைத்தார்கள்? வறட்சிக்கு முன் அந்த நகரத்தில் வீடுகளுக்குப் போன தண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோட்டத்துக்குத்தான் போனது. குடிக்கும் தண்ணீரையோ குளிக்கும் தண்ணீரையோ வெட்டினால் உடம்புக்குக் கேடு. புல்லை வெட்டினால் யாருக்கும் நோய் வராது. இன்னொரு காரணமும் உண்டு. குளியலறைக்குள் யார் எவ்வளவு நேரம் குளிக்கிறார்கள் என்று எந்த அதிகாரியும் பார்க்க முடியாது. புல்தரை தெருவைப் பார்த்து இருக்கிறது. கோடை நடுவில் ஒரு வீட்டு வாசல் மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

இரண்டே வருடத்தில் நூற்றைம்பது வருட ரசனை தலைகீழானது. பச்சைப் புல்தரை குடும்பத்தின் கௌரவமாக இருந்தது போய், 'இந்த வீட்டுக்காரர் திருட்டுத்தனமாகத் தண்ணீர் விடுகிறாரோ' என்ற சந்தேகத்துக்கு அடையாளம் ஆனது. காய்ந்த புல் நல்ல குடிமகனின் சான்றிதழ் ஆனது. தோட்டத்தைப் பச்சையாக வைத்திருந்தவர்கள் வேலியில் அட்டை மாட்டினார்கள்: 'இங்கே பயன்படுவது மழைநீர்', 'இங்கே குளித்த தண்ணீர்', 'இங்கே போர் தண்ணீர்'. குளிக்கும்போது காலடியில் வாளி வைத்து, வெந்நீர் வரும்வரை ஓடும் தண்ணீரைப் பிடித்து, ரோஜாச் செடிக்குத் தூக்கிப்போனார்கள். துணி துவைக்கும் இயந்திரத்தின் கழிவு நீரைக் குழாய் போட்டுத் தோட்டத்துக்குத் திருப்பினார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கு விட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. அவர்களுக்கு அது மூன்று தலைமுறைக்குப் பிறகு திரும்பக் கற்றுக்கொண்ட பாடம்.

சுமை எல்லோர் தலையிலும் சமமாக இறங்கியதா என்றால், இல்லை. சொந்த வீடும் கையில் காசும் உள்ளவர் மழைநீர்த் தொட்டி கட்டிக்கொள்ளலாம். ஆழ்துளைக் கிணறு போடலாம். லாரியில் தண்ணீர் வரவழைக்கலாம். வாடகை வீட்டுக்காரருக்கு வாளிதான். விளையாட்டு மைதானங்களில் நான்கில் ஒன்றுக்கு மட்டுமே தண்ணீர் விட அனுமதி. எந்த மைதானம் பச்சையாக இருக்கும், எது கட்டாந்தரையாகும் என்று உள்ளூர் மன்றங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தரை பாறையாக இறுகிப்போனதால் பிள்ளைகள் விழுந்தால் எலும்பு முறியும் என்று கால்பந்துப் பருவத்தையே தள்ளிப்போட்ட ஊர்கள் உண்டு. பக்கத்து ஊரான பல்லாரட்டில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் படகுப் போட்டி நடந்த வெண்டூரி ஏரி, 2006-ல் ஒரு சொட்டு நீர் இல்லாமல் வறண்டு போனது.

கட்டுப்பாட்டுக்கு இன்னொரு விலையும் இருந்தது. அரசாங்கம் கண்காணிப்பாளர்களைத் தெருவில் சுற்ற விட்டது; விதி மீறுபவர்களைப் பற்றிப் பொதுமக்களும் தகவல் சொல்லலாம் என்றது. பெரும்பாலானோர் நல்லெண்ணத்தோடுதான் நடந்துகொண்டார்கள். ஆனால் அண்டை வீட்டாரை வேவு பார்க்கும் குணம் ஊருக்குள் நுழைந்துவிட்டால் அது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2007 அக்டோபர் கடைசி நாளில் சிட்னியின் புறநகர் ஒன்றில், அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் தன் வீட்டு முன் புல்லுக்குக் கையில் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன ஒருவர் ஏதோ சொல்லப்போய், வாய்த்தகராறு கைகலப்பானது. தண்ணீர் விட்ட முதியவர் அடிபட்டு இறந்துபோனார். அவர் எந்த விதியையும் மீறவில்லை. சிட்னி விதிப்படி அந்த நாளில், அந்த நேரத்தில், கையால் தண்ணீர் விட அனுமதி இருந்தது. ஒரு சட்டம் எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும், அதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அடுத்தவருக்கு நீதிபதியாகும் ஆள் ஒருவன் போதும், ஒரு உயிர் போவதற்கு.

மெல்போர்னுக்குத் திரும்புவோம். 2008 டிசம்பரில் விக்டோரியா அரசாங்கம் தண்டனையைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து ஒரு எண்ணைக் கொடுத்தது: 155. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 155 லிட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்றது. 1990-களில் அங்கே வீட்டு உபயோகம் ஆளுக்குச் சுமார் 247 லிட்டர். பிரிஸ்பேன் இருக்கும் தென்கிழக்கு குயின்ஸ்லாந்தில் 2007-லேயே 140 என்று இலக்கு வைத்து வெற்றி கண்டிருந்தார்கள். மெல்போர்னும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. எண் ஒன்று கையில் இருந்தால் மனிதர்கள் விளையாட்டுப்போல முயற்சி செய்வார்கள். 'குறைத்துச் செலவு செய்' என்று மொட்டையாகச் சொன்னால் யார் காதிலும் ஏறாது. வகுப்பறையில் முப்பது வருடம் நின்றவனுக்கு இது நன்றாகத் தெரியும். 'நன்றாகப் படி' என்று சொல்வதைவிட 'இன்றைக்கு நாலு கணக்கு' என்று சொல்வது பலிக்கும்.

இருந்தும் 2009 ஜூன் கடைசியில் நகரத்தின் அணைகளில் மொத்தக் கொள்ளளவில் சுமார் 26 சதவீதம்தான் மிச்சம். அந்த வருடம் பிப்ரவரி 7-ஆம் தேதி காட்டுத்தீயில் 173 பேர் மாண்டார்கள். நீர்ப்பிடிப்புக் காடுகளிலும் தீ புகுந்தது. நாலாம் நிலைக்குப் போனால் வீட்டுத் தோட்டத்தில் எதற்குமே தண்ணீர் கிடையாது. அரசாங்கம் கடைசிவரை அந்தப் படியை மிதிக்காமல் '3ஏ'-விலேயே நின்றது. மக்கள் தாங்களாகவே குறைத்துக்கொண்டதால்தான் அது முடிந்தது.

இந்த வெற்றிக் கதைக்கு ஒரு நிழல் பக்கம் உண்டு. மெல்போர்னின் பெரிய சாலைகளிலும் பூங்காக்களிலும் பழைய எல்ம் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் டச்சு எல்ம் நோய் கோடிக்கணக்கான எல்ம் மரங்களைக் கொன்றுவிட்டது. அந்த நோய் எட்டாத ஆஸ்திரேலியாவில் முதிர்ந்த எல்ம் சாலைகள் பிழைத்திருக்கின்றன. அந்த மரங்களுக்கு என்று யாரும் தனியாகத் தண்ணீர் விட்டதில்லை. அவற்றின் அடியில் இருந்த புல்லுக்கு விட்ட தண்ணீரைத்தான் வேர்கள் நூறு வருடமாகக் குடித்துவந்தன. புல்லுக்கு நிறுத்தியபோது மரத்துக்கும் நின்றுபோனது. மெல்போர்ன் மாநகராட்சியின் பொறுப்பில் சுமார் 70,000 மரங்கள். வறட்சி முடிவில் கணக்கெடுத்தபோது, அடுத்த பத்து வருடத்தில் அவற்றில் 23 சதவீதமும் இருபது வருடத்தில் 39 சதவீதமும் ஆயுள் முடிந்துவிடும் என்று தெரிந்தது.

காய்ந்த புல் ஒரு மழைக்குத் திரும்பிவிடும். நூறு வயது மரம் திரும்பாது. நிழல் போனால் அடுத்த கோடையின் வெப்பம் நகரத்தின் தலையில் நேராக இறங்கும். அதனால் 2012-ல் நகர்ப்புறக் காடு என்ற பெயரில் புதிய திட்டம் போட்டார்கள். ஒரே இன மரமாக வைக்காமல் கலந்து நட வேண்டும், மழைநீரை நிலத்துக்கடியில் தொட்டிகளில் பிடித்து மரங்களுக்கு விட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பழுதான மரத்தைப் பற்றிப் புகார் சொல்ல வசதியாக ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தார்கள். ஜனங்கள் புகாருக்குப் பதிலாக மரங்களுக்குப் பாசக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்! உலகம் முழுவதும் இருந்து ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன.

விளையாட்டு மைதானங்களில் இன்னொரு மாற்றம். தண்ணீர் அதிகம் கேட்கும் குளிர்பிரதேசப் புல்லை எடுத்துவிட்டு, வெயில் தாங்கும் புல்லுக்குப் பல மன்றங்கள் மாறின. அதில் முக்கியமானது அங்கே 'கவுச்' என்று அழைக்கும் புல். அது வேறொன்றுமில்லை, நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான். மேலே காய்ந்தாலும் அடியில் சாகாது. மணமக்களை அருகுபோல் வேரூன்றச் சொல்லி நாம் வாழ்த்துவதன் பொருளை அந்த ஊர்க்காரர்கள் வறட்சியில் கண்டுகொண்டார்கள்.

2010-ல் மழை திரும்பியது. 2011 தொடக்கத்தில் பல இடங்களில் வெள்ளமே வந்தது. வறட்சிப் பயத்தில் இரண்டு பெரிய வேலைகளை ஆரம்பித்திருந்தார்கள். வடக்கே விவசாயப் பகுதி நீரை நகரத்துக்கு இழுக்க 70 கிலோமீட்டர் குழாய். விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். 2010-ல் அது முடிந்தது. பிறகு ஏறக்குறைய சும்மாவே கிடக்கிறது. இன்னொன்று வொன்தாகியில் வருடத்துக்கு 15,000 கோடி லிட்டர் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை. 2012 டிசம்பரில் தயாரானது. அதிலிருந்து முதல் தண்ணீர் நகருக்குப் போனது 2017-ல்தான். தண்ணீர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கட்டணம் கட்டியாக வேண்டும் என்பது ஒப்பந்தம். இன்றைக்கு நகரம் வளர்ந்துவிட்ட நிலையில் அந்த ஆலை தேவைதான் என்பவர்களும் உண்டு, அவசரத்தில் கட்டிய வெள்ளை யானை என்பவர்களும் உண்டு. வாளித் தண்ணீர் சுமந்த மக்களின் சேமிப்புக்கு அந்த அளவு செலவாகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மழை வந்ததும் மறப்பது மனித சுபாவம். இங்கிலாந்தில் 1976 கோடையில் கடும் வறட்சி. ஆகஸ்டில் டெனிஸ் ஹவல் என்பவரை வறட்சிக்கென்றே அமைச்சராக்கினார்கள். சில நாளில் மழை கொட்டியது. இன்றுவரை அது அங்கே ஒரு வேடிக்கைக் கதை. மெல்போர்ன் அப்படி முழுதாக மறக்கவில்லை. தடைகள் நீங்கிய பிறகும் தண்ணீர் உபயோகம் 1990-களின் அளவுக்கு ஏறவில்லை. 2005-ல் போட்ட நிரந்தர விதிகளைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு வைத்துக்கொண்டார்கள். நம் பையன் கேட்ட விதி அதில் ஒன்று. பகல் வெயிலிலும் காற்றிலும் ஸ்பிரிங்க்ளர் தெளிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு வேருக்குப் போகாமல் ஆவியாகிவிடும். அதனால் மாலை ஆறில் இருந்து காலை பத்து வரை. விசை வைத்த குழாயைக் கையில் பிடித்து ஊற்றினால் எந்த நேரமும் ஊற்றலாம், ஏனென்றால் மனிதன் பக்கத்தில் நிற்கிறான், வீணானால் நிறுத்துவான்.

ஆகவே தம்பி, அந்தப் பெரியவர்மேல் கோபப்படாதே. ஒரு மாலையில் அவரைத் தேநீருக்கு அழைத்து, அந்த வருடங்களைப் பற்றிக் கேள். என்னைவிட நன்றாகச் சொல்வார். கோடையில் உன் புல் கொஞ்சம் பழுப்பாகட்டும், பரவாயில்லை. வாசலில் மரம் இருந்தால் அதன் வேருக்கு மட்டும் வாரத்துக்கு ஒருமுறை நின்று நிதானமாக ஊற்று. மரம் இல்லையென்றால் இந்தக் குளிர்காலத்திலேயே ஒன்று நடு.

அந்த வருடங்களில் ஆஸ்திரேலியாவில் இருந்த நம் மாணவர்களும் சொந்தக்காரர்களும் உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். வாளி வைத்துக் குளித்த கதைகள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றையும் யாராவது பதிந்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்